வைஃபை நல்லா ஓடுது, ஆனா லாக்ல 'ஃபெயில்டு'னு வருதே?

கேள்வி: லேப்டாப்ல லினக்ஸ் போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் இன்டெல் வைஃபை டிரைவர் பேர்ல, 'ஐடபிள்யூஎல்-டீபக்-யோயோ' லோட் ஆகல, எரர் மைனஸ் 2-னு வருது. நெட் நல்லாதான் இருக்கு. ரெண்டு நாளா அந்த ஃபைல தேடுறேன், கிடைக்கல. சி கொஞ்சம் தெரியும், நானே இத சரி பண்ண முடியுமா?

மொதல்ல தேடுறத நிறுத்துங்க. மைனஸ் 2-னா கார்டு போச்சுன்னு இல்ல, அந்தப் பேர்ல ஃபைல் இல்ல, அவ்ளோதான், அதுவும் இது டிரைவர் எழுதுறவங்க டீபக் பண்ண வச்சுக்குற ஃபைல், நமக்குத் தேவையே இல்ல. பயப்பட வேண்டிய வரி வேற. 'நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்'னு வந்தாதான் வைஃபை வராது, ஃபர்ம்வேர்னா கார்டுக்குள்ள ஓடுற புரோகிராம், அத டிரைவர்தான் ஃபைல்ல இருந்து எடுத்து கார்டுக்குக் குடுக்கும். அதுக்கு முன்னாடி வெர்ஷன் நம்பர் குறைஞ்சு குறைஞ்சு நாலஞ்சு ஃபெயில்டு வந்தாலும் பரவால்ல, டிரைவர் புது வெர்ஷன்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கீழ எறங்கி தேடுது, ஒண்ணு கிடைச்சா போதும்.

சரி பண்றதுக்கு வருவோம். டிரைவர் கோடுக்குள்ள அந்த வரிய கிரெப் பண்ணா (அதாவது தேடிப் பாத்தா) சிக்காது, ஏன்னா அத பிரிண்ட் பண்றது டிரைவர் இல்ல, கெர்னலோட (லினக்ஸோட மையப் பகுதி) ஃபர்ம்வேர் லோடர். டிரைவர் 'ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர்'னு கூப்பிட்டு ஃபைல் இல்லன்னா லோடரே வார்னிங் போட்டுரும், அது கட்டாயம் வேணுமா இல்லாட்டியும் ஓடுமான்னு லோடருக்கு எப்படித் தெரியும்? இல்லாட்டியும் பரவால்லங்குற ஃபைலுக்குன்னே 'ஃபர்ம்வேர்_ரிக்வெஸ்ட்_நோவார்ன்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, 2018-ல 4.18 கெர்னல்ல வந்துச்சு, ஆர்க்யுமென்ட் அதே மூணுதான், பேர மட்டும் மாத்தினா வேலை முடிஞ்சுது. யோயோவுக்கு இத ஏற்கெனவே பண்ணிட்டாங்க, கெர்னல அப்டேட் பண்ணுங்க, போயிரும்.

வேற டிரைவர்ல இதே மாதிரி பாத்தீங்கன்னா தயங்காம பேட்ச் (கோடுல நீங்க பண்ண மாத்தம்) அனுப்புங்க, உங்கள மாதிரி இன்னொருத்தர் ரெண்டு நாள் அலையாம இருப்பாரு. ஆனா மெயின் ஃபர்ம்வேருக்கு நோவார்ன் போட்டா, எதுவுமே கிடைக்கலன்னு கடைசில டிரைவர் கட்டாயம் சொல்லணும், இல்லன்னா நெட் வராதவர் லாக்க பாத்து ஒண்ணும் புரியாம முழிப்பாரு. மெசேஜ மாத்தி எழுதுறீங்கன்னா, வரி நீளமாப் போகுதேன்னு ஸ்ட்ரிங்க ரெண்டா உடைக்காதீங்க, லாக்ல பாத்தத அப்படியே கிரெப் பண்ணித்தான் தேடுவாங்க. கமிட் மெசேஜ்ல (மாத்தத்தோட சேத்து எழுதுற விளக்கம்) யூசர் பாத்த வரி, அது இல்லாமலும் ஏன் ஓடுது, ரெண்டையும் எழுதுங்க. வைஃபை டிரைவர்னா வயர்லெஸ்-நெக்ஸ்ட் ட்ரீ (அடுத்த கெர்னலுக்குப் போற வைஃபை கோடு சேருற இடம்) மேல பேட்ச் போட்டு, யாருக்கு அனுப்பணும்னு 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட ஓட்டிப் பாருங்க.