மகளுக்குக் குழந்தை இல்லை, வீட்டை யாருக்கு எழுதுவது?

கேள்வி: வயது 74. மனைவி காலமாகிவிட்டார். கும்பகோணத்தில் நான் சம்பாதித்துக் கட்டிய வீடும் வங்கியில் கொஞ்சம் டெபாசிட்டும் உள்ளன. ஒரே மகளுக்கு 46 வயது, பிள்ளை இல்லை. அவளுக்குப் பிறகு எல்லாம் யார் கைக்குப் போகும்? தம்பி மகனுக்கு எழுதலாமா, முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, பேரன் பேத்தி இல்லாததால் மகளின் தேவை குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது. அவருக்கு 75 வயதாகும்போது பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் பணம் வேண்டும். ‘ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது’ என்று எழுதிவிட்டால், ஒரு ஆபரேஷன் செலவுக்குக்கூட வீட்டை விற்க முடியாமல் தவிப்பார். முழு உரிமையோடு அவருக்கே எழுதுங்கள்.

சரி, அவருக்குப் பிறகு? இதைத்தான் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் உயில் எழுதாமல், வீடு வாரிசு முறையில் மகளுக்கு வந்து, அவரும் உயில் இல்லாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15(2) பிரிவின்படி அது மருமகனுக்குப் போகாது. உங்கள் வாரிசுகளுக்கே திரும்பும்: உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு, இல்லையென்றால் அவர்களின் பிள்ளைகளுக்கு. அதே வீட்டை உயிலாகவோ, உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரமாகவோ கொடுத்தால் அந்தப் பிரிவு பொருந்தாது, மருமகனுக்குப் போகும். இத்தனை வருடம் மகளோடு வாழ்ந்தவரிடம் போவதில் என்ன குறை என்றும் யோசியுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் மகளிடமே பேசுங்கள். அவரும் இப்போதே தன் உயிலை எழுதட்டும்.

தம்பி மகனுக்கும் இல்லத்துக்கும் டெபாசிட்டிலிருந்து ஒரு தொகையை உயிலில் குறிப்பிடலாம். தம்பி மகனை நாமினியாகப் போட்டால் போதாது. நாமினி பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர்தான். இல்லத்தின் பதிவுப் பெயரையும் முகவரியையும் முழுதாக எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு உயிலில் ‘நம்ம ஊர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு’ என்று மட்டும் இருந்தது; அந்த ஊரில் இரண்டு இல்லங்கள். இல்லம் மூடப்பட்டிருந்தால் யாருக்கு என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திடுங்கள், அவர்களும் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. அப்புறம், சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். தம்பி மகன் வேண்டாம்.