வாசகர் கேள்வி – பதில்: பனியைக் கடந்த புலிக்கொசு

கேள்வி: டெங்கு, சிக்குன்குனியா நோய்களைப் பரப்பும் ஆசியப் புலிக்கொசு வெப்பநாட்டுப் பூச்சிதானே? பனி கொட்டும் நாடுகளில் அது எப்படி நிலைத்தது? அங்கே முன்பே இருந்த கொசுக்கள் என்ன ஆயின?

பதில்: வெப்பநாட்டுப் பூச்சி என்பது பாதி உண்மை. ஏடிஸ் அல்போபிக்டஸ் எனப்படும் இக்கொசுவின் தாயகம் தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து ஜப்பான் வரை நீள்கிறது. கொள்கலனின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அது இடும் முட்டைகள், நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் ஏறும்போது பொரிகின்றன. பழைய டயர்களில் ஒட்டியபடி கடல் தாண்ட இந்தத் திறன் போதுமானதாக இருந்தது. 1979இல் அல்பேனியாவிலும், 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், 1990இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அது கண்டறியப்பட்டது.

குளிரைத் தாங்குவது தனித்திறன். குளிர்ப்பகுதிப் புலிக்கொசுக்களில், பகற்பொழுது குறுகுவதை உணர்ந்த தாய் இடும் முட்டைக்குள் புழு முழுதாக உருவான பிறகும், நீர் பட்டாலும் பொரியாமல் வசந்தகாலம் வரை உறக்கநிலையில் கிடக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய மற்றொரு டெங்குக் கொசுவான ஏடிஸ் எஜிப்திக்கு இந்த உறக்கநிலை கிடையாது. கடுங்குளிர் நாடுகளில் அது வேரூன்றாததற்கு இது முக்கியக் காரணம். குளிர்நாடுகளின் வீட்டுக்கொசுவான கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் இனத்திலோ, இணைசேர்ந்த பெண்கொசுக்களே நிலவறைகளிலும் குகைகளிலும் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

உள்ளூர்க் கொசுக்களுடனான போட்டி பெரும்பாலும் புழுப்பருவத்தில்தான் நடக்கிறது. மூளையழற்சியை உண்டாக்கும் லா கிராஸ் வைரஸைப் பரப்பும் வட அமெரிக்க மரப்பொந்துக் கொசுவான ஏடிஸ் டிரைசீரியேட்டஸை எடுத்துக்கொள்வோம். இரை குறைந்த டயரில் இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் புலிக்கொசுவே மிஞ்சுகிறது. ஆனால் மரப்பொந்தில் டாக்சோரிங்கைட்டிஸ் போன்ற கொசுப்புழுத்தின்னிகள் இருக்கின்றன. அவற்றின் வாடை பட்டதும் உள்ளூர்ப் புழு அசைவைக் குறைத்துக்கொள்ள, அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லாத புலிக்கொசுப்புழு மேய்ந்துகொண்டே இருந்து இரையாகிவிடுகிறது. எனவே உள்ளூர் இனம் அங்கே தப்பிக்கிறது. (புலிக்கொசுவிடம் ஃப்ளோரிடாவின் பல பகுதிகளை இழந்த எஜிப்தியும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த நகர்ப்பகுதிகளில் நீடிக்கிறது; அச்சூழலில் புலிக்கொசுவின் முட்டைகளே விரைவில் மடிகின்றன.)

கேள்வி: தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் போதாதா?

பதில்: புழுக்கள் சாகும், சுவரில் ஒட்டிய முட்டைகள் சாகா. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புழுக்களில் ஒரு பகுதியை மட்டும் அழிப்பதும் உதவாமல் போகலாம். நெரிசல் குறைந்ததும் எஞ்சியவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைப்பதால், பறந்து வெளிவரும் கொசுக்களின் எண்ணிக்கை சில வேளைகளில் குறைவதே இல்லை.