மனிதவள மேலாண்மை படிக்க நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும். மனிதவள மேலாண்மை (எச்.ஆர்.) எடுக்கலாமா?

பழகப் பிடிப்பது மட்டும் போதாது. ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நாளும் வரும். ஆளெடுப்பு, சம்பள அமைப்பு, தொழிலாளர் சட்டம், ஒழுங்கு விசாரணை, இதில் எதாவது உங்களை இழுக்கிறதா? அப்படியானால் வாருங்கள். புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கணக்கு வராது என்றுதான் எச்.ஆர். எடுக்கிறேன். சரிதானே மேடம்?

சரியில்லை. 100 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடத்தில் 20 பேர் விலகினால், விலகல் விகிதம் 20 சதவீதம். இதை யாரும் சொல்லிவிடலாம். அந்த 20 பேரில் 15 பேர் ஒரே மேலாளரின் கீழ் இருந்தவர்கள், சேர்ந்த ஆறு மாதத்துக்குள் போனவர்கள் என்று பிரித்துக் காட்டினால்தான் நிர்வாகம் உங்கள் பேச்சைக் கேட்கும்.

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடை எப்படி மனப்பாடம் செய்வது?

செய்யாதீர்கள். அவருடைய 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரமிடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஒரு தேவை முழுதாக நிறைவேறினால்தான் அடுத்தது தலைதூக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. கட்டுரையையே படியுங்கள்.

பாடப்புத்தகத்தையே தப்பு என்கிறீர்கள். அப்போது ஹாதார்ன் ஆய்வும் பொய்யா?

பொய் இல்லை. ஆனால் வகுப்பில் சொல்லப்படும் கதை வேறு, நடந்தது வேறு. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் அவை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதே காரணம் என்று சொல்வார்கள். லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்தப் பழைய தரவைத் திரும்ப அலசி 2011இல் வெளியிட்டார்கள். அந்த அதிசய ஏற்றம் அதில் இல்லை, கவனிப்பதால் உற்பத்தி மாறுகிறது என்பதற்கு மெல்லிய அடையாளங்கள்தான் இருந்தன. அதே ஆலையில் நடந்த இன்னொரு சோதனையில், ரிலே என்னும் மின் சுவிட்சைப் பொருத்தும் அறையில், கூலி முறையும் மாறியது, அங்கே வேலை செய்த பெண்களில் இருவரையும் நடுவில் மாற்றினார்கள். பிறகு எது எதனால் ஏறியது என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் அதை ஏன் இன்னும் படிக்க வேண்டும்? நேர விரயம்தானே?

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்தச் சோதனைகளில் கடைசியில் வந்த கம்பி இணைப்பு அறையைப் பாருங்கள். 14 ஆண்கள். கூடுதலாகச் செய்தால் கூடுதல் பணம் வரும். அப்படியும், ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தங்களுக்குள் ஒரு அளவு வைத்து, அதைத் தாண்டியவரை அடக்கினார்கள். ஊக்கத்தொகைத் திட்டம் போடப்போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

புள்ளியியல் இல்லாத படிப்பு எங்கே கிடைக்கும்?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

என் கம்பெனி கடைசி மாதச் சம்பளத்தைத் தரவில்லை. என்ன செய்ய?

இதற்கு நான் சரியான ஆள் இல்லை. தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் போங்கள், ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

எனக்குக் கணக்கு சுத்தமாக வராது, ஆனாலும்...

மூன்றாவது முறை! ஒரு செமஸ்டர் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். பயத்தை வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆளைப் பார்த்ததுமே எடைபோடும் திறமையைப் படிப்பு தருமா?

அந்தத் திறமையை நம்பக் கூடாது என்பதைத் தரும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போடும் நேர்காணல், யார் வேலையை நன்றாகச் செய்வார் என்பதை, மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட நன்றாகக் கணிக்கிறது. பல பத்தாண்டு ஆய்வுகள் இதையே காட்டுகின்றன. அடுத்த முறை நீங்கள் ஆளெடுக்க உட்காரும்போது, கேள்விகளை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.