கிண்ணக் கருவியைப் பரணில் போடலாமா?

கேள்வி: ஓடைகளின் நீரோட்டத்தை இன்னும் கிண்ணம் சுற்றும் கரண்ட் மீட்டரால்தான் (நீரின் வேகத்தை அளக்கும் கருவி) அளக்கிறோம். கிண்ணம் சுற்றும்போது ஹெட்போனில் கேட்கும் 'டிக்' சத்தத்தை எண்ணி நோட்டில் குறிக்கிறோம். இப்போது டாப்ளர் கருவி (ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து நீரின் வேகத்தை அறிவது) வாங்க அனுமதி கிடைத்திருக்கிறது. எல்லா இடத்துக்கும் அதுவே போதுமா?

பதில்: போதாது. எந்த டாப்ளர் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! கம்பியில் மாட்டி, தண்ணீருக்குள் இறங்கி நின்று புள்ளி புள்ளியாக அளப்பது ஒன்று. முழங்கால் ஆழ ஓடைக்கு அதை வாங்குங்கள். சின்ன மிதவையில் கட்டிக் கரைக்குக் கரை இழுப்பது இன்னொன்று. ஆழமான ஆற்றில் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் தன் முகத்துக்குக் கீழே கொஞ்சமும் படுகையை ஒட்டிக் கொஞ்சமும் அதற்குத் தெரியாது; அந்த இடத்தை மென்பொருள் கணித்து நிரப்பும். ஆழம் குறைந்த ஓடையில் அளந்ததைவிடக் கணித்ததே அதிகமாகிவிடும்.

வெள்ளத்தில் இன்னொரு வம்பு. மிதவைக் கருவி படுகையை அசையாத தரையாக நினைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அடியில் மணல் நகர்ந்தால் ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும். மிதவையை ஒரே இடத்தில் சில நிமிடம் பிடித்து நிறுத்துங்கள். தான் மேல்நோக்கிப் போவதாக அது சொன்னால், படுகை நகர்கிறது என்று அர்த்தம். அப்போது மிதவையின் நகர்வைப் படுகையை நம்பாமல் கணக்கிட ஜி.பி.எஸ். இணைப்பு வேண்டும். விற்பவர்கள் கலங்காத, அமைதியான ஓட்டத்தில் செய்து காட்டிவிட்டுப் போவார்கள்; இதையெல்லாம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கிண்ணக் கருவி 1880களின் வடிவமைப்பு. இன்றும் அதில் எனக்குப் பிடித்தது, அதன் உடல்நிலையைக் கையாலேயே சோதிக்கலாம் என்பது. காற்றுப் படாத இடத்தில் கிண்ணத்தைச் சுழற்றிவிட்டு, நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். சட்டென்று நின்றால், கிண்ணத்தைத் தாங்கிச் சுழலவிடும் தாங்குமுனை தேய்ந்திருக்கிறது. பாசி சிக்கினாலும் ஓட்டம் மிக மெதுவானாலும் அது உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஹெட்போனை மட்டும் இன்றே கழற்றுங்கள். காந்த சுவிட்சும் மின்னணு எண்ணியும் பொருத்தினால் அதே மீட்டர் இன்னும் பல வருடம் உழைக்கும்.

புதியது வந்ததும் பழையதை நிறுத்திவிடாதீர்கள். ஒரே நாளில், ஒரே குறுக்குவெட்டில் இரண்டாலும் அளங்கள்; நீர் குறைந்த காலத்திலும் பெருகிய காலத்திலும். இல்லாவிட்டால் நாளை, நீர்மட்டத்தை வைத்து ஓட்டத்தைச் சொல்லும் வளைகோடு விலகும்போது, மாறியது படுகையா கருவியா என்று யாராலும் சொல்ல முடியாது. நின்று அளக்கும்போது குறுக்கே 20, 25 இடங்களில் அளக்கும் வழக்கமும், ஆழம் குறைந்த இடத்தில் நீர்ப்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் அளப்பதும் புதுக் கருவியிலும் தொடரட்டும். முடிவு எண்ணோடு மூலக் கோப்பையும் கருவி எண்ணையும் சேர்த்தே பதிவில் வையுங்கள்.