சென்னை வைத்தியசாலைக் கோப்பும் சாவகச்சேரி வழக்கும்

கேள்வி: 2023 மார்ச்சில் கைதடியில் என் கணவரின் மோட்டார் சைக்கிளை லொறியொன்று மோதியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் முதற் சிகிச்சை பெற்றார். பின்னர் இடுப்புச் சத்திரசிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இப்போது சாவகச்சேரி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு நடக்கிறது. சென்னையில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்தபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஆட்சேபித்தார். ‘நிரூபணத்துக்கு உட்பட்டு’ என்று அடையாளமிட்டிருக்கிறார்கள். தெரிந்த ஒருவர், எண்பதாயிரம் ரூபா தந்தால் தூதரக முத்திரை எடுத்துத் தருவதாகவும், அதன்பின் யாரும் வாய் திறக்க முடியாது என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தப் பணம் வேறு தேவைக்கு வேண்டிவரும், பின்னால் சொல்கிறேன்.

தூதரக முத்திரையோ நொத்தாரிசின் முத்திரையோ சொல்வது ஒன்றுதான்: இந்தக் கையெழுத்து இன்னாருடையது. உங்கள் கணவரின் இடுப்பெலும்பு எதனால் உடைந்தது, கால் எவ்வளவு கட்டையானது என்பதெல்லாம் முத்திரைக்குத் தெரியாது. நீதிமன்றம் கேட்பதோ அதைத்தான். வெளிநாட்டு அரசாங்க ஆவணம் என்றால் முத்திரைக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. உங்களுடையது தனியார் வைத்தியசாலை. சமாதான நீதவானிடம் போய் ‘உண்மைப் பிரதி’ என்று ஒப்பம் வாங்குவது இன்னும் வீண். அவர் பார்த்தது நீங்கள் கொண்டுபோன தாளை. சென்னையிலிருக்கும் மூலக் கோப்பை அவர் கண்டதில்லை.

‘நிரூபணத்துக்கு உட்பட்டு’ என்றால் ஆவணத்தைப் பின்னர் நீங்கள் எண்பிக்க வேண்டும் என்பதுதான். அதைக் கேட்டு வழக்கே போய்விட்டது என்று பயப்படாதீர்கள். உங்கள் தரப்புச் சாட்சியம் முடியும்போது உங்கள் சட்டத்தரணி ஆவணங்களை வாசித்துக் காட்டி உங்கள் பக்கத்து வழக்கை முடிப்பார். அந்த நேரத்தில் எதிர்த்தரப்பு மறுபடியும் ஆட்சேபிக்காவிட்டால் அந்த ஆவணம் சாட்சியமாகிவிடும். இலங்கைத் துறைமுக அதிகார சபை சம்பந்தப்பட்ட, தீர்ப்புகளைத் தொகுக்கும் சட்ட அறிக்கையின் 1981ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ள தீர்ப்புக்குப் பிறகு நமது நீதிமன்றங்களில் இதுதான் வழக்கம். ஆனால் லொறிக்குப் பின்னால் காப்புறுதிக் கம்பனி நின்றால், அதன் சட்டத்தரணி மறக்கமாட்டார். மறப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கவும் கூடாது.

நேர்வழி, சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் வந்து சாட்சி சொல்வது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது, வரலாமே என்று கேட்பீர்கள். வருவார், வந்த அன்று தவணை போடப்படும். நீதிபதி இடமாற்றம், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கொழும்பில், சுருக்கெழுத்தாளர் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். இரண்டாம் முறை எந்த வைத்தியரும் வரமாட்டார். ஒருவரை நியமித்து, அவர் மூலம் வைத்தியரைச் சென்னையிலேயே விசாரித்துச் சாட்சியம் பதிய ஆணை அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. செலவையும் தாமதத்தையும் பார்த்தால் உங்கள் வழக்குக்கு அது கட்டாது.

அதனால்தான் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவை உங்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எழுதியவரை அழைத்துவர நியாயமற்ற தாமதமோ செலவோ ஆகும் என்று நீதிமன்றம் கருதினால், அவர் தம் தொழிற் கடமையின் வழமையான போக்கில் எழுதிவைத்த குறிப்பை அவர் இல்லாமலே சாட்சியமாக ஏற்கலாம். 1895இல் எழுதிய சட்டம். இன்றைக்கும் இதைவிட நல்ல கதவு உங்களுக்கு இல்லை. ஆனால் கதவு தானாகத் திறக்காது. வைத்தியர் வர முடியாதவர் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ‘அவர் இந்தியாவில் இருக்கிறார்’ என்று சட்டத்தரணி எழுந்து சொல்வது சாட்சியம் அல்ல. சாட்சியாக வரும்படி நீங்கள் எழுதிய கடிதம், வைத்தியசாலை அனுப்பிய மறுமொழி, பயணச் செலவு விபரம், இவற்றை வைத்து நீங்கள் சாட்சிக்கூண்டில் சொல்ல வேண்டும். அடுத்தது, வழமையான போக்கில் எழுதியது என்பது. வாட்டில் அன்றன்று எழுதிய குறிப்பு, சத்திரசிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே அறிக்கை எல்லாம் அதற்குள் அடங்கும். வழக்குக்கென்று பிறகு கேட்டு வாங்கும் கடிதம் அடங்காது.

இங்கேதான் தரகர்கள் வருகிறார்கள். ‘நாற்பது வீத அங்கவீனம்’ என்று புதிதாக ஒரு சான்றிதழ் அச்சடித்து, உங்கள் கணவரைக் கண்ணாலும் காணாத ஒரு வைத்தியரிடம் கையெழுத்து வாங்கித் தருவார்கள். தாள் பளபளப்பாக இருக்கும். குறுக்கு விசாரணையில் முதற் கேள்வியே அந்தத் திகதியைப் பற்றியதாக இருக்கும். நல்ல கோப்பையும் சேர்த்துக் கெடுப்பது அந்த ஒரு தாள்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, நோயாளியைச் சென்னைக்குக் கூட்டிப்போகும் ஆட்களால் வருவது. வீதி விபத்து என்று சொன்னால் அங்கே பொலிசுக்கு அறிவிக்க வேண்டும், அலைச்சல் என்று பயந்து, ‘வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லுங்கள்’ என்று வாசலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கடமையிலிருக்கும் இளம் வைத்தியர் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுவார். அந்த ஒரு வரி காப்புறுதிச் சட்டத்தரணிக்குக் கிடைத்தால் அவருக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. ஆகவே கோப்பைக் கொடுப்பதற்கு முன் அனுமதிக்கும்போது எழுதிய முதற் பக்கத்தை யாரையாவது கொண்டு வாசிப்பித்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் மறைக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் முதலே சொல்லுங்கள். திருத்தி எழுதித் தருகிறேன் என்பவனை வாசற்படியிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பெயரையும் பாருங்கள். நமது கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் வருவதால், சென்னையில் அதையே நோயாளியின் பெயராக எழுதிவிடுகிறார்கள். கோப்பு உங்கள் மாமனார் பெயரிலும் வழக்கு உங்கள் கணவர் பெயரிலும் இருக்கும். கடவுச்சீட்டு இலக்கம் கோப்பில் இருந்தால் விளக்கிவிடலாம்.

செலவுக்கு வைத்தியர் தேவையில்லை. பணம் கட்டியவர் சொல்லலாம். நீங்களே கட்டினீர்கள் என்றால் ரசீதுகளுடன் நீங்களே சாட்சி. வங்கி வழியாக அல்லாமல் ஆட்கள் மூலம், உண்டியலில் அனுப்பிய காசுக்கு வங்கித் தாள் இராது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, எண்பதாயிரம் வேண்டிவரும் இடம். போதனா வைத்தியசாலையில் விபத்தன்றே எழுதிய பெட் ஹெட் ரிக்கற், அதாவது வாட்டில் நோயாளிக்கென்று வைக்கும் சிகிச்சைப் பதிவு இருக்கிறது, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை இருந்தால் அதுவும் இருக்கிறது. அவற்றை அழைப்பாணை மூலம் வரவழைக்கலாம். ஓர் எலும்பு முறிவு விசேட வைத்திய நிபுணர் உங்கள் கணவரை இப்போது பரிசோதித்து, சென்னை எக்ஸ்ரேக்களையும் பார்த்து, தான் கண்டதைத் தன் வாயால் சொல்லட்டும். அங்கவீனம் அவரால் எண்பிக்கப்படும். சென்னைக் கோப்பு அதற்குத் துணை நிற்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுச் சென்னைத் தாளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த நிபுணரின் பெயர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். ஸ்கான் சீடியைக் கணினிச் சாட்சியமாகக் கொடுப்பதானால், 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி விளக்கத் திகதிக்கு, அதாவது சாட்சி விசாரணைக்குக் குறித்த நாளுக்கு, 45 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். விளக்கம் தொடங்கிவிட்டதால், அது செய்யப்பட்டதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

முழுக் கோப்பின் பிரதி இன்னும் உங்கள் கையில் இல்லை என்று நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கோப்பு ஆகாது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, தங்கிச் சிகிச்சை பெற்றவரின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு வைத்திருப்பதே கடமை. அதற்கு மேல் வைத்திருந்தால் அது அவர்களுடைய நல்ல மனம். நமது வழக்குகள் பலவோ மூன்று ஆண்டில் விளக்கத்துக்கே வருவதில்லை. கோப்பு இன்னும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு உடனே எழுதுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. தரகர் வேண்டாம். உங்கள் கணவரே கையெழுத்திட்டு, வைத்தியசாலை அவருக்குத் தந்த நோயாளி இலக்கம், கடவுச்சீட்டு இலக்கம், அனுமதித்த திகதி, விட்ட திகதி நான்கையும் குறிப்பிட்டு, மருத்துவப் பதிவுப் பிரிவுக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பதிவுப் பிரிவின் ஒப்பமும் திகதியும் வேண்டும் என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். வைத்தியர் சாட்சிக்கு வர முடியுமா என்ற கேள்வியையும் தனிக் கடிதமாக அனுப்பி, மறுமொழியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.