மகள் நடிக்கப் போகிறேன் என்கிறாள்: செந்தூல் தாயார் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரவு 11 மணிக்கு மகளின் அறையிலிருந்து விம்மல் கேட்டுப் பதறிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். உள்ளே அவள் கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துத் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணைத் துடைத்தபடி “பிராக்டிஸ்ம்மா” என்றாளாம். அப்பாவை நினைத்தால்தான் கண்ணீர் வருகிறது என்றும் சொன்னாளாம். அவர் தவறி இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பெண்ணைக் கணக்கியலில் சேர்ப்பதா, நடிப்புப் படிக்க விடுவதா என்று கேட்கிறீர்கள்.

கல்லூரி, செலவு, சம்பளம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த அழுகையைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் மகளுக்கு இருக்கும் ஆர்வமும், அவளுக்கு யாரும் இன்னும் சொல்லித்தராத விஷயமும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கின்றன.

நடிக்க வேண்டும் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்வி ஆலோசகனான என்னைத் தேடி வரும் பிள்ளைகளிடம் பிடித்த நடிகர் யார் என்று நான் கேட்பதில்லை. அரைப் பக்கத் தாள் ஒன்றைக் கொடுப்பேன். நானே எழுதிய காட்சி, ஆறே வரி. அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடிக்கிறார். மகன் உள்ளே வருகிறான். கிடைத்த கல்லூரி இடத்தை அன்று காலைதான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அம்மாவுக்குத் தெரியாது. அவன் பேசும் முதல் வரி, “சாப்பாடு இருக்காம்மா?”

போன வருடம் கெப்போங்கிலிருந்து ஒரு பையன் வந்தான். தாளை வாங்கியதும் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, அந்த வரியைத் தொண்டை அடைக்கச் சொன்னான். கண் கலங்கியது. “நல்லா அழுறேப்பா, ஆனா இந்த வரியை வச்சு அம்மாகிட்டயிருந்து உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “அம்மா என் முகத்தைப் பார்க்கக் கூடாது சார். எழுந்து அடுப்படிக்குப் போயிடணும்.” சரி, இப்போது செய் என்றேன். இரண்டாவது முறை கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சாதாரணக் குரலில் சாப்பாடு கேட்டுக்கொண்டே, குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். கை சட்டையின் இரண்டு தோளையும் சேர்க்கத் தெரியாமல் தடுமாறியது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அம்மா, அந்த இரண்டு முறைக்கும் நடுவில் நடந்ததுதான் தொழில். நல்ல நடிகர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது கவனித்துக் கேளுங்கள். “அந்த சீனில் நான் சோகமாக இருந்தேன்” என்று அவர்கள் அதிகம் சொல்வதில்லை. இவனுக்கு என்ன வேண்டும், அதை யார் தடுக்கிறார்கள், இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன் எங்கே இருந்தான், எதிரில் நிற்பவர் சொல்வதை நிஜமாகவே காதில் வாங்கினேனா என்றுதான் பேசுவார்கள். 1898-இல் இன்னொருவரோடு சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, தன் நடிகர்களைக் கேட்கப் பழக்கியது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். உணர்ச்சியைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வர முடியாது, சூழ்நிலையைச் சரியாகக் கட்டினால் அது தானாக வரும் என்பது அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம்.

உங்கள் மகள் எஸ்.பி.எம்-இல் தமிழ் இலக்கியமும் எடுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை அவளுக்குக் காட்டுங்கள். உள்ளத்தில் இருப்பது உடம்பில் தோன்றுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை என்று எட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது அந்த நூல். அழுகைக்கு நான்கு ஊற்று: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவுபடுத்தியதால் வரும் அழுகை வேறு, ஒருவரை இழந்ததால் வருவது வேறு, இருந்த நிலையிலிருந்து சரிந்ததால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. அவமானப்பட்டவன் அழும்போது முகத்தை மறைத்துக்கொள்வான். இழந்தவளுக்கு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இருக்காது. “அழு” என்று மட்டும் சொன்னால் நடிகருக்குக் கையில் எதுவும் கிடைக்காது. எந்த அழுகை என்று தெரிந்தால் தோள் எப்படி இருக்கும், கை எங்கே போகும் என்பது வரை தெரிந்துவிடும்.

இப்போது அப்பா விஷயம். சொந்த வாழ்க்கையின் துயரத்தை எடுத்து நடிப்பில் பயன்படுத்தலாமா என்பதில் நடிகர்களுக்குள்ளேயே பெரிய பிளவு உண்டு. நியூயார்க்கில் நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க், பழைய அனுபவத்தின் நினைவைக் கிளறுவதைப் பயிற்சியின் நடுவில் வைத்தார். அவரோடு வேலை செய்த நடிகை ஸ்டெல்லா ஆட்லருக்கு அது ஒத்துவரவில்லை. 1934-இல் பாரிஸுக்குப் போய் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துப் பாடம் கேட்டார். கற்பனையும் கதாபாத்திரத்தின் சூழ்நிலையும்தான் முக்கியம் என்ற தெளிவோடு திரும்பினார். இரண்டு பள்ளியிலிருந்தும் பெரிய நடிகர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் 17 வயதுப் பெண், இழப்பு நடந்து இரண்டு வருடம் ஆகாத நிலையில், பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லாமல், இரவில் தனியாக அறைக்குள் அதைச் செய்யக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

“அழாதே” என்று மட்டும் சொல்லித் தடுத்துவிடாதீர்கள். தொழில் காரணத்தைச் சொல்லுங்கள், கேட்பாள். சினிமாவில் ஒரே அழுகையை ஒரு தடவை அழுது முடித்துவிட முடியாது. முதலில் தூரத்தில் கேமராவை வைத்து முழு அறையையும் எடுப்பார்கள். அப்புறம் எதிரில் இருப்பவரின் பக்கம். அவள் முகத்துக்கு கேமரா நெருங்கி வரும்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். லைட் மாற்ற அரை மணி நேரம் ஆகும். முதல் டேக்கிலேயே இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டால் க்ளோஸப்புக்கு மிச்சம் இருக்காது. நாலாவது டேக்கில் அப்பாவின் நினைவும் வரண்டு போகும். அப்பா நினைவு இப்படித் தேய்ந்துபோவதை எந்த மகள்தான் விரும்புவாள்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வீட்டில் உங்கள் முன்னால் அழ முடியாமல், கேமராவைச் சாக்காக வைத்து அழுகிறாளோ என்னவோ. நீங்களும் அவள் முன்னால் அழுதிருக்க மாட்டீர்கள். இருவரும் ஒருநாள் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். நான் கல்வி ஆலோசகன், அந்த வேலையை நான் செய்யக் கூடாது.

கேமரா முன் நடிப்பதில் வெளியில் தெரியாத கணக்கு நிறைய இருக்கிறது. கதையின் கடைசிக் காட்சியை முதல் நாளே எடுக்கலாம். அன்று காலைதான் அறிமுகமான ஒருவரை 20 வருடத்துத் தாயாகப் பார்க்க வேண்டியிருக்கும். எந்த வார்த்தையில் கோப்பையை எடுத்தாள், எந்தக் கையால் எடுத்தாள் என்பது ஒவ்வொரு டேக்கிலும் மாறக் கூடாது, மாறினால் எடிட்டிங்கில் ஒட்டாது. தரையில் ஒட்டிய டேப்பைக் குனிந்து பார்க்காமல் அதில் வந்து நிற்க வேண்டும். சில நேரம் எதிரில் ஆளே இருக்க மாட்டார், லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு டேப் துண்டைப் பார்த்துக் காதல் வசனம் பேச வேண்டும். கணக்கு நன்றாக வரும் பெண் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒழுங்கு இங்கே வீண் போகாது.

கணக்கியலும் நடிப்பும் எதிரெதிர் துருவம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. விஜய் சேதுபதி பி.காம். படித்தவர், துபாயில் கணக்கராக இருந்தவர். சென்னை திரும்பி, ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதும் வேலைக்குத்தான் சேர்ந்தார். அங்கே நடிகர்கள் உடம்பையும் குரலையும் பழக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். சின்னச் சின்ன வேடங்கள், குறும்படங்கள் என்று பல வருடம் போன பிறகுதான் 2010-இல் கதாநாயகனாக ஒரு படம் வந்தது. நம் ஈப்போவில் பிறந்த மிஷல் யோ பாலே நடனக்காரராக ஆகப் போனவர், முதுகில் அடிபட்டு அது நின்றது. 2023-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் வாங்கினார். நடனம் பழக்கிய உடம்பு அவருடைய சண்டைக் காட்சிகளுக்கெல்லாம் கைகொடுத்தது. உங்கள் மகள் பரதத்தைப் பாதியில் விட்டிருக்கிறாள். மறுபடி சேர்த்துவிடுங்கள், நடனம் கற்றுத்தரும் பிரிக்பீல்ட்ஸ் நுண்கலைக் கோயில் உங்களுக்குத் தூரமில்லை.

படிப்பு என்றால், கோலாலம்பூரிலேயே அஸ்வாரா இருக்கிறது. 1994-இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கிய அரசாங்க நிறுவனம், நாடகமும் திரைப்படமும் முறையாகக் கற்றுத்தருகிறார்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியில் நடிப்பும் இயக்கமும் படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் உண்டு. அந்தந்த ஆண்டின் தகுதி விவரத்தை அவர்கள் இணையத்தளத்திலேயே பாருங்கள். மதிப்பெண்ணோடு நேர்முகத்துக்கும் தயாராக வேண்டும், ஒரு காட்சி நடித்துக் காட்டச் சொல்லலாம். மேடையும் பாடமும் பெரும்பாலும் மலாயில் இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மொழியில் நடிக்கத் தெரிந்தவருக்கு இந்த நாட்டில் இரண்டு மடங்கு வாசல்.

தமிழ் வாசலும் பழையபடி இல்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதில் எல்லாரும் பேசியது நம் தமிழ். உங்கள் மகள் படம் பிடிக்கும்போது சென்னைத் தமிழில் பேசிப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். செந்தூலில் பேசுவதையும் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் காய் விற்கும் அக்கா விலை சொல்லும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. நாளுக்கு இவ்வளவு, எபிசோடுக்கு இவ்வளவு என்றுதான் வரும், நடுவில் வேலையில்லாத மாதங்கள் வரும். இங்கே பிழைப்பவர்கள் நடிப்போடு டப்பிங், நிகழ்ச்சித் தொகுப்பு, விளம்பரம், பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு என்று நாலைந்தைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். சுயதொழில் செய்பவர்களுக்கு ஈ.பி.எஃப் சேமநிதியில் ஐ-சாரான் என்ற சேமிப்புத் திட்டம் இருக்கிறது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்பில் கலைஞர்களும் சேரலாம். முதல் சம்பளத்திலிருந்தே இரண்டிலும் போடப் பழக்குங்கள். பகுதி நேரமாகக் கணக்கியல் சான்றிதழ் படித்து வைத்தால் நல்லதுதான். ஆனால் “முதலில் டிகிரியை முடி, அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, மறந்துவிடுவாள் என்று காத்திருக்காதீர்கள். அப்படிச் செய்த வீடுகளில் நான்கு வருடம் கழித்து வந்த கசப்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடிஷனுக்கு யாராவது பணம் கேட்டால் போக வேண்டாம். ஹோட்டல் அறையில் ஆடிஷன் என்றால் போகவே வேண்டாம். 18 முடியும் வரை நீங்களோ அவள் தாய்மாமாவோ கூடப் போங்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதே ஆறு வரிக் காட்சியை மகளுக்காக மாற்றி வைத்திருக்கிறேன். அம்மா வேடத்தை நீங்கள்தான் வாசிக்க வேண்டும், நடிக்க எல்லாம் வேண்டாம், அவள் சொல்வதைக் கேட்டுப் பதில் சொன்னால் போதும். மடிக்க நாலைந்து துணியும், உங்கள் மூக்குக்கண்ணாடியும் கொண்டு வாருங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது.