குடும்பச் செலவு நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது? கேள்வி பதில்

கேள்வி: இரு நாடுகளின் குடும்பச் செலவை ஒப்பிட எங்கே தொடங்குவது?

பதில்: உணவில் தொடங்குங்கள், தொகையை விட்டுவிட்டு, மொத்தச் செலவில் உணவுக்குப் போகும் பங்கைப் பாருங்கள். வருமானம் ஏற ஏற அந்தப் பங்கு இறங்கும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து 1857இல் கூறியது இன்றும் பெரும்பாலும் பொருந்துகிறது. உணவுக்கான தொகை குறைவதில்லை. கூடுதலாக வரும் பணத்தின் பெரும்பகுதி பிற தேவைகளுக்குச் சென்றுவிடுகிறது.

கேள்வி: காலப்போக்கில் எவ்வளவு மாறியிருக்கிறது?

பதில்: அமெரிக்கக் குடும்பங்கள் 1901இல் செலவில் 40 சதவீதத்துக்கும் மேல் உணவுக்கு ஒதுக்கின, இப்போது அது சுமார் 13 சதவீதம். பிரிட்டனில் 1957இல் மூன்றில் ஒரு பங்காக இருந்த உணவுச் செலவு 2017இல் 16 சதவீதமாகக் குறைய, வீட்டுக்கான செலவு 9 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. இந்தியக் கிராமங்களில் 1999-2000இல் 59 சதவீதமாக இருந்த உணவின் பங்கு 2023-24இல் 47 சதவீதம்.

என்னைப் பொறுத்தவரை, உணவுக்குள்ளேயே நிகழ்ந்த மாற்றம்தான் இன்னும் முக்கியமானது. அதே இந்தியக் கிராமங்களில், முன்பு மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் விழுங்கிய தானியங்கள் இன்று ஏறத்தாழ 5 சதவீதத்தில் நிற்கின்றன. பானங்களும் பதப்படுத்திய உணவும் அவற்றை முந்திவிட்டன.

கேள்வி: உணவின் பங்கு குறைந்தால் வசதி கூடியதாகக் கொள்ளலாமா?

பதில்: எப்போதும் அல்ல. வாடகையோ மருத்துவச் செலவோ நெருக்கும்போது, குடும்பம் சாப்பாட்டைச் சுருக்கியும் அந்தப் பங்கு குறையலாம். மறுபுறம், செல்வ நாடான ஜப்பானில், ஊதியத்தைவிட உணவு விலை வேகமாக ஏறியதால், 2024இல் அது 28 சதவீதத்தைத் தாண்டியது.

கேள்வி: அமெரிக்கர்கள் மருத்துவத்துக்கு ஆங்கிலேயரைவிட அதிகம் செலவிடுவது ஏன்?

பதில்: பிரிட்டனில் 1948 முதல் பொது மருத்துவச் சேவை பெரும்பாலும் வரிப் பணத்தில் நடப்பதால், அச்செலவு குடும்பக் கணக்கில் தெரிவதே இல்லை, அமெரிக்கக் குடும்பமோ காப்பீட்டுத் தவணையையும் தானே கட்டுகிறது. அங்கே சிகிச்சைக் கட்டணங்களும் அதிகம்.

கேள்வி: குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் மக்கள் உண்மையைச் சொல்கிறார்களா?

பதில்: பெரும்பாலும் சொல்கிறார்கள். மதுவையும் புகையிலையையும் மட்டும் குறைத்துச் சொல்வது, விற்பனைக் கணக்கோடு ஒப்பிடும்போது பல நாடுகளில் தெரியவருகிறது.